அண்ணாச்சியின் தோல் கோட்டு

ஆறு வருஷம் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போயிருக்கிறேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம், சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஆறு வருஷமும் பயந்துகொண்டேதான் போனேன். அவர் வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லாரிக்காரனுக்கு வழி விடுவார், மாட்டுவண்டியைக் கண்டால் ஹாரன் கூட அடிக்க மாட்டார். என் பயமெல்லாம் அவர் உடுப்பைப் பற்றியது. அந்தத் தொப்பியையும் தோல் கோட்டையும் பூட்ஸையும் பார்த்து என்றைக்காவது யாரோ ஒருவர் அவரைப் பெரிய அதிகாரி என்று நம்பப் போகிறார், அதனால் ஒரு கேடு வரப்போகிறது, அப்போது நானும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கப் போகிறேன் என்று தினமும் நினைப்பேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் பிள்ளைகள் அதே ஊரில் நல்லபடியாக இருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். ஒரு நூல் மில்லில் அவர் பிட்டர், மெஷின்களைப் பழுது பார்ப்பவர். நான் அதே மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. எண்பதுகளின் நடுவில் ஆரம்பித்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரைக்குமான கதை இது.

ஆள் உயரம். மீசை கொஞ்சம் அளவுக்கு மீறியது. மில்லில் கொடுக்கிற காக்கி பேண்டின் கால்களைப் பூட்ஸுக்குள் சொருகிக்கொள்வார். மேலே காப்பிக்கொட்டை நிறத்தில் தோல் கோட்டு. ஜாக்கெட் என்றுதான் அதற்குப் பெயர், ஆனால் எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள் என்பதால் கோட்டு என்றே சொல்லி வந்தோம். தலையில் முன்பக்கம் லேசாக வளைத்துவிட்ட கம்பளித் தொப்பி. சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் பனியனே பாரம். அந்த வெயிலில் இவர் இத்தனையும் போட்டுக்கொண்டு வருவார். மில் வாசலில் கோட்டைக் கழற்றும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்புத் தண்ணீர் தேறும். முதுகு முழுக்க வேர்க்குரு. மதினி, அதாவது அவர் மனைவி, தினமும் நுங்குத் தண்ணீரைத் தடவிவிட்டுக்கொண்டே திட்டுவார்கள். அவர் சுகமாகக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குள்ளே தோல் வரக்கூடாது என்பது மதினியின் சட்டம். சாமி படம் இருக்கிற வீடு என்பது ஒரு காரணம். "எவன் போட்டுச் செத்தானோ, அதைக் கொண்டாந்து மாட்டுதாரு" என்பது இன்னொன்று. அதனால் பின்பக்கம் வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகையில்தான் அவருடைய சேகரம் முழுவதும் இருந்தது. ஏழு கோட்டு, நாலு ஜோடி பூட்ஸ், தொப்பி ஐந்தோ ஆறோ. ஒரு கோட்டுக்குக் கழுத்தில் ஆட்டு ரோமம், அதைக் கொடைக்கானலில் நடைபாதையில் வாங்கினார். இன்னொன்று ஆம்பூர்ப் பக்கம் ஏற்றுமதிக்குத் தைத்துக் கழித்துப் போட்டது. ஒரு கை மற்றதைவிட இரண்டு விரற்கடை நீளம், அவர் அந்தக் கையை எப்போதும் மடித்தே விட்டிருப்பார். மலை எஸ்டேட்டில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த தொப்பிகள் இரண்டு. ஐப்பசி மழைக்கு எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விளக்கெண்ணெய் போட்டுத் துடைப்பார். பூட்ஸின் வடிவம் கெடாமலிருக்க மில்லின் கழிவுப் பஞ்சை உள்ளே திணித்து வைப்பார். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் பெட்ரோலும் விளக்கெண்ணெயும் மாட்டுத் தோலும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். எனக்குத் தலை வலிக்கும். அவருக்கு அது சந்தனம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாமே பழசு கிடையாது. பாதி, பழசு மாதிரி. புதுக் கோட்டு ஒன்று வாங்கிவந்தால் அதை அப்படியே போட மாட்டார். மில் ஒர்க்ஷாப்பில் இரும்பு தேய்க்கிற உப்புத்தாளைக் கொண்டுவந்து முழங்கையிலும் காலரிலும் பை ஓரத்திலும் தேய்ப்பார். வெயிலில் போடுவார், மறுபடியும் எண்ணெய் தடவுவார், மறுபடியும் தேய்ப்பார். ஒரு மாதத்தில் அது முப்பது வருஷம் யாரோ போட்டு உழைத்த கோட்டாகிவிடும்.

"ஏன் அண்ணாச்சி, நல்லா இருக்கதைப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறிய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புதுசைப் போட்டா நேத்துத்தான் வாங்குனான்னு தெரிஞ்சுபோகும்லே. பழசா இருந்தாத்தான், இவன் ரொம்ப வருஷமாவே இப்படி ஆளுன்னு நெனைப்பான்."

"யாரு நெனைப்பான்?"

"பாக்கவன்."

பார்க்கிறவன். அவ்வளவுதான் அவருடைய உலகம். முகம் தெரியாத யாரோ ஒருவன் பார்க்க வேண்டும், ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும்.

முதல் தடவை நான் ஆடிப்போனது மெயின் ரோட்டில். ஏதோ ஒரு மந்திரி வருகிறார் என்று வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி நெருங்கியதும் ஒரு இளவயதுக் கான்ஸ்டபிள் அண்ணாச்சியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். சட்டென்று காலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். மஃப்டியில் வருகிற அதிகாரி என்று நினைத்துவிட்டார் போல. அண்ணாச்சி இரண்டு விரலைத் தொப்பி ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தொட்டு இறக்கினார். வண்டியின் வேகம் கூடக் குறையவில்லை. நான் அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணாச்சி, அவரு உங்களை ஆபீசர்னு நெனைச்சிட்டாரு. திரும்பிப் போய்ச் சொல்லிருவமா?"

"என்னத்தச் சொல்ல?"

"நீங்க பிட்டருன்னு."

"அவரு கேட்டாரா? நான் ஏதும் சொன்னனா? சும்மா வாலே."

நான் ஏதும் சொன்னேனா என்பதுதான் அவர் வாதம். அதை உடைக்க என்னால் முடிந்ததேயில்லை. உண்மையிலேயே அவர் எங்கேயும் தன்னை அதிகாரி என்று சொன்னது கிடையாது. இல்லை என்றும் சொன்னது கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நடைபாதையில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா இவரைக் கண்டதும் அரக்கப்பரக்கக் கூடையை உள்ளே இழுப்பார். இவர் கடந்துபோய்விட்டு, "பாத்தியா, வழி விடுதாவ" என்பார் சந்தோஷமாக. அது வழிவிடுவதில்லை, நடுக்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வரும். முழுங்கிவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

இப்படிச் சொல்வதால் ஆள் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினில் ஒரு தொழிலாளிக்கு விரல் நசுங்கிய அன்று, ஆம்புலன்ஸ் வரட்டும் என்று எல்லோரும் நின்றபோது, தன் கோட்டைக் கழற்றி அவன் கையைச் சுற்றிக் கட்டி, வண்டியில் முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். விரல் பிழைத்தது. கோட்டில் ரத்தக் கறை படிந்துவிட்டது. அதை அவர் துடைக்கவில்லை. "கோட்டுக்குப் பத்து வயசு கூடிருச்சுலே" என்று என்னிடம் காட்டினார். அவரை நினைத்துப் பெருமைப்படுவதா, அந்த இடத்தை விட்டு எழுந்து போவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரோடு பழகிய காலம் முழுக்க எனக்கு இந்தத் தவிப்புதான்.

ஒரே ஒருதடவை மனதைத் திறந்து சொன்னார். மழைக்கு ஒதுங்கி ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். "பதினெட்டு வருஷமா அந்த கேட்டுல நுழையுதேன்லே. டோக்கனைத்தான் பாப்பான், மூஞ்சியைப் பாக்கமாட்டான். முதலாளி தெலுங்குல 'ஏமய்யா பிட்டரு'ம்பாரு. எம்பேரு அவருக்குத் தெரியாது. இதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல வந்தாத்தான் மனுசன் என் மூஞ்சியைப் பாக்கான்." டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டுகிறவன் நான்தான். நானும் எத்தனையோ காலையில் நம்பரைப் பார்த்திருக்கிறேனே தவிர நிமிர்ந்து ஆளைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவருடைய உடுப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் எழவில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் இரண்டு வீட்டுக்காரர்களும் திருவண்ணாமலைக்குப் போயிருந்தோம். எங்கள் ஊர்த் திருவண்ணாமலை, குன்றின் மேல் பெருமாள் இருக்கிற இடம். தோலோடு மேலே ஏற முடியாது, கழற்றி வைக்கவும் அவருக்கு மனசு வராது. அதனால் எங்களை அனுப்பிவிட்டு அடிவாரத்திலேயே நின்றுகொண்டார். நான் முதல் ஆளாக இறங்கி வந்து பார்க்கிறேன், ஒரு பெண் அவர் முன்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். கூட்டத்தில் கழுத்துச் செயின் போய்விட்டதாம். அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "எந்தப் பக்கம் வச்சுப் போச்சு? எம்புட்டு நேரமாச்சு?" என்று விசாரிக்கிறார். கடைசியில், "சரி, பாக்கேன், நீ போம்மா" என்றார். அவள் கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி! அந்தப் பொம்பள, போலீஸ்கிட்டச் சொல்லிட்டோம்னு நெனைச்சுப் போறா!"

"ஆறுதலாத்தானலே சொன்னேன். அழுதுகிட்டு நின்னா."

நான் ஓடினேன். மொட்டை போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள் என்பது மட்டும்தான் அடையாளம். புரட்டாசிச் சனிக்கிழமையில் மொட்டைப் பிள்ளைக்குப் பஞ்சமா? ஒருமணி நேரம் தேடியும் அவள் கிடைக்கவில்லை. உண்மையான போலீஸ்காரர்கள் பந்தலுக்கு அடியில் நாற்பதடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செயின் கிடைத்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றோடு அவர் பின்னால் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். திங்கட்கிழமை காலை ஹாரன் சத்தம் கேட்டதும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் ஏறிவிட்டேன்.

மலையடிவாரத்துக் காட்டில், செண்பகத்தோப்பில் நடந்த விஷயம் அதற்கு அடுத்த மாசி மாதம். முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பாறை மேல் ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம். யாரிடமோ காமிரா இரவல் வாங்கி என் கழுத்தில் மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். காட்டுக்குள் விறகெடுக்கக் கூடாது என்று வனத்துறையின் கெடுபிடி கூடியிருந்த சமயம் அது. வழியிலேயே சொன்னேன், தொப்பியையாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. அப்புறம் போட்டோ எதற்கு என்று திருப்பிக் கேட்டார்.

மூன்றரை மணி இருக்கும். ஓடைக்குப் பக்கத்தில் ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில் நாலு பெண்கள் விறகுக் கட்டுகளை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர் மம்சாபுரத்துக்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. முன்னால் போன அண்ணாச்சியின் பூட்ஸ் சத்தம் கேட்டு ஒருத்தி திரும்பினாள்.

"ஏட்டி, ரேஞ்சரு! ரேஞ்சரு வாராரு!"

விறகு கிடந்த இடத்தில் கிடக்க, நாலு பேரும் நாலு திசைக்குச் சிதறினார்கள். அப்போதாவது அவர் சும்மா நின்றிருக்கலாம். "பயப்படாதிய, நான் ரேஞ்சர் இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நெஞ்சை நிமிர்த்தி, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "ஏய்! நில்லு! எங்க ஓடுத?" என்று அதட்டினார். திரும்பி என்னைப் பார்த்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சின்னப்பிள்ளை சிரிப்பு. எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்கள் புதரை விலக்கிக்கொண்டு தாங்களாகவே திரும்பி வந்தார்கள். வயதில் மூத்தவள் முன்னால் வந்து அரிவாளையும் கயிற்றையும் அவர் கையில் திணித்தாள். பிடிபட்டால் முதலில் அரிவாளைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அண்ணாச்சி வாங்கிக்கொண்டார்.

"ஐயா, இதை வச்சுக்கிடுங்க. விறகையும் வச்சுக்கிடுங்க. எங்ககூட வந்த நாத்துனா பிள்ளையக் காணோம்யா. அவளுக்கு மாலைக்கண்ணு. பொழுது சாஞ்சா ஒண்ணுந் தெரியாது. உள்ள பூராவும் பள்ளமும் பாறையுமா கெடக்கு. கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

மேற்கே மலை. எங்கள் பக்கத்தில் சூரியன் கடிகாரத்தைப் பார்த்து இறங்குவதில்லை, மலையைப் பார்த்துத்தான் இறங்கும். ஐந்து மணிக்கெல்லாம் மலை நிழல் காட்டின் மேல் விழுந்துவிடும். என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் முந்திக்கொண்டு பேசினேன்.

"அம்மா, இவிய ரேஞ்சர் இல்ல. மில்லுல பிட்டரு. நான் அங்க கிளார்க்கு."

அவள் பூட்ஸிலிருந்து தொப்பி வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள். "அப்ப எதுக்குய்யா நில்லுன்னு அதட்டுனீரு?"

அண்ணாச்சியின் கையில் இன்னும் அந்த அரிவாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

தேடினோம். பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். "தாயி! வந்துரு தாயி, ஒண்ணும் செய்யமாட்டோம்!" என்று அண்ணாச்சி கத்தக் கத்த, காடு இன்னும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. நிழல் ஓடையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மூத்தவள் திரும்பி வந்து ஆத்திரத்தோடு சொன்னாள்: "யய்யா, நீங்க கத்தாதிய. செடிக்கு மேல உங்க தொப்பி தெரியிற மட்டுக்கும் அவ வரமாட்டா. அந்தச் சத்தம் கேக்குற மட்டுக்கும் அசைய மாட்டா." அவர் பூட்ஸைக் காட்டினாள்.

தொப்பி உடனே வந்துவிட்டது. கோட்டும் வந்துவிட்டது. பூட்ஸ்தான் வரவில்லை. நடந்து நடந்து வியர்வையில் கால் ஊறிப் போயிருந்தது. அவர் பாறையில் உட்கார்ந்து காலை நீட்ட, நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். "இழுலே! இழுலே!" என்கிறார். குரல் உடைந்திருந்தது. "கால் போனாலும் பரவால்ல, இழு!" ஒன்று வந்தது. இன்னொன்று வர மேலும் ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. வெளுத்து ஊறிப்போன பாதங்கள், இத்தனை வருஷம் மண் படாதவை. சட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு, பனியனும் காக்கிப் பேண்டுமாக இறங்கினார். இரண்டாவது அடியிலேயே முள். நொண்டினார், நிற்கவில்லை. சாமான்களை வாரி எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

வளையல் சத்தம் முதலில் அவர் காதில்தான் விழுந்தது. ஓடைக்கரையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே அவள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. எங்களுக்கு இன்னும் நன்றாக வெளிச்சம் இருந்தது. அவள் கண்கள் மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, எங்களைப் பார்க்காமல் நின்றன. அவளுக்குப் பின்னால் ஒரு முழம் இடம். அதற்கப்புறம் பள்ளம். இரண்டு ஆள் ஆழம் இருக்கும், கீழே முழுக்கக் கல். காலடி கேட்டதும் அவள் பின்பக்கமாக நகர்ந்தாள். அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரது?" என்றாள்.

"நான் பிட்டரு தாயி. ராஜபாளையத்துல மில்லுல வேலை பாக்கேன்." இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "உங்க அக்காமாரு அங்க மேல நிக்காவ. நான் கூட்டிட்டுப் போறேன். பின்னால போகாத, பள்ளம் கெடக்கு."

அவள் நகர்வதை நிறுத்தினாள். நம்பலாமா என்று முகத்தைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"தொப்பிக்காரரு போயிட்டாரா?"

அவர் திரும்பி, என் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"போயிட்டாரு தாயி."

"திரும்ப வருவாரா?"

"வரமாட்டாரு. கையக் குடு."

அவள் கையை நீட்டித் தடவினாள். பாறையை, காற்றை, பிறகு அவருடைய விரல்களை. பற்றிக்கொண்டு எழுந்தாள். ரத்தம் கசிகிற காலை ஊன்றி ஊன்றி அவர் முன்னால் நடக்க, அவள் பின்னால் வந்தாள். நான் அந்தக் கோட்டையும் தொப்பியையும் பூட்ஸையும் மார்போடு அணைத்துக்கொண்டு வழியோரம் ஒதுங்கி நின்றேன். அவளுக்குக் கண் தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர்கள் என்னைக் கடந்துபோகிற வரைக்கும் மூச்சு விடவில்லை.